மலை ரயிலுக்கு ஆயுதபூஜை

வாழ்நாளில் ஒருமுறைகூட மலை ரயிலில் ஏறாதவள் ஹசீனா. ஆனால் மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் வண்டி கல்லாறு தாண்டியதும், என்ஜின் பின்னால் நின்று தள்ள, தண்டவாளத்துக்கு நடுவே இருக்கும் பல் வரிசையைக் கவ்விக்கொண்டு எப்படி ஏறுகிறது என்று அவளைப் போல் சொல்ல, காரைக்குடியில் இன்னொருவர் இல்லை.

மூன்று முறை புறப்பட்டாள். முதல் முறை மண்சரிவு, ரயிலையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த முறை, சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கும் கணவன் நாசரின் விடுமுறையைக் கம்பெனி பாதியில் வெட்டியது. மூன்றாம் முறை டிக்கெட் காத்திருப்புப் பட்டியலில் நாலாவது இடத்தில் நின்று, நாலாவது இடத்திலேயே செத்தது. "ஊட்டிக்கு பஸ்ல போவமே, சீக்கிரம் போயிரலாம்" என்றான் நாசர். அன்று முழுவதும் அவள் அவனோடு பேசவில்லை. மறுநாள்தான் கேட்டாள்: "சீக்கிரம் போறதுக்கா மச்சான் அந்த வண்டி?"

அவளுடைய அத்தா மீரான் சாகிபு பழைய பேப்பர் கடை வைத்திருந்தவர். கண்டனூர்ப் பக்கம் பங்காளிகள் சேர்ந்து ஒரு பெரிய வீட்டை ஒழித்தால், கடைக்கு மூட்டை மூட்டையாகக் காகிதம் வந்து இறங்கும். கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனவர்கள் வீட்டுக்குப் போட்ட தபால்கள் அதில் கிடக்கும். பத்தாம் வகுப்பு விடுமுறையில் அப்படியொரு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த ஹசீனாவின் கையில் ஓர் அட்டை அகப்பட்டது. முன்பக்கம், முதல் பெட்டியை மேகத்துக்குள் நுழைத்துக்கொண்டு நிற்கும் நீலகிரி ரயில். பின்பக்கம், 'நலம். இங்கு குளிர் தாங்கவில்லை. கம்பளி அனுப்பவும்' என்று மூன்றே வரி. அன்று தொலைந்தது அவள் மனசு!

முப்பத்தோரு வருஷத்தில் அட்டையும் புகைப்படமுமாக நாற்பத்தொன்று சேர்த்தாள். சுலபமாகவா சேர்த்தாள்? தபால்தலை வாங்கும் ஆட்கள் அவளுக்கு முன்பே மூட்டைக்குள் கைவிட்டுவிடுவார்கள். அட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தபால்தலையை மட்டும் உரித்துக்கொண்டு, மிச்சத்தைக் கூழாக எறிவார்கள். டார்ஜிலிங் ரயில் ஒன்று அப்படிக் கூழாகக் கிடந்ததைப் பார்த்து அவள் கடை வாசலில் உட்கார்ந்து அழுததுண்டு. அத்தா மறைந்தபின் கடையை அவளே நடத்துகிறாள். "போன்ல தேடுனா ஆயிரம் படம் வருதும்மா" என்று மகள் ஃபர்சானா உச்சுக்கொட்டுவாள். வீட்டில் ஒரு ஜீவனாவது அவளைப் புரிந்துகொண்டதா? இல்லை.

புரிந்துகொண்டவள், பழைய பத்திரிகைகளை எடைக்குப் போட வந்த சண்முகப்ரியா. ஊரில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துபவள். மேசைமேல் கிடந்த ஆல்பத்தைப் புரட்டியவள், வந்த வேலையை மறந்து ஒரு மணி நேரம் நின்றாள்.

"அக்கா, இதையெல்லாம் ஏன் மூடியே வச்சிருக்கீங்க?"

"யாரும் தெறக்கச் சொல்லலியே மேடம்."

மூன்றே வாரத்தில் கல்லூரிக் கண்காட்சிக்கு அழைப்பிதழ் வந்துவிட்டது. 'மலையேறிய ரயில்கள்: ஹசீனாவின் தொகுப்பு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி.' கடைப் பலகையில் மீரான் சாகிபு பெயர். ஊர் வாயில் அவள் நாசர் வீட்டம்மா. நாற்பத்தேழு வயதில், முதன்முறையாக, வேறு யார் பெயரும் ஒட்டாமல் 'ஹசீனா' என்று அச்சில் நின்றது. அந்தக் காகிதத்தை மட்டும் அவள் எந்தப் பேப்பர்க் கட்டிலும் போடவில்லை.

சுவரில் மாட்டப் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து, சட்டம் போட சுந்தரம் ஆசாரியிடம் கொடுத்தாள். "செவ்வாக்கிழமைக்குள்ள முடிச்சுத் தாரேன் தங்கச்சி" என்றார். முடித்தார்தான், கண்ணாடி தவிர. புதன்கிழமை ஆயுதபூஜை. ஆசாரி வீட்டில் முதல் நாளே கருவிகளைக் கழுவிச் சாமி முன்னால் வைத்துவிட்டால், பூஜை முடிந்து மறுநாள் எடுக்கும்வரை எதையும் தொடக் கூடாது. கண்ணாடி அறுக்கும் கருவியும் அந்த வரிசைக்குப் போய்விட்டது. வியாழக்கிழமை காலை அரை மணி நேர வேலை, அவ்வளவுதானே என்று ஹசீனாவும் சும்மா இருந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் பொரிகடலை வாங்கிக்கொள்ளக் கூப்பிட்டார்கள். போனாள். பட்டறையில் ரம்பம், இழைப்புளி, உளி, வாசலில் நின்ற மொபெட் எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். அதற்கு அடுத்த வரிசையில் கண்ணாடியில்லாத சட்டங்களில் அவளுடைய ரயில்கள். ஒவ்வொரு என்ஜினின் நெற்றியிலும் ஈரமாக ஒரு பொட்டு!

"யா அல்லா!"

"நல்லாருக்கா ஹசீனா?" தாம்பாளத்தோடு வந்தாள் சுந்தரத்தின் மனைவி வள்ளிக்கண்ணு. "ஒன் வண்டிகளயும் விடல பாத்தியா?"

"என்னக்கா செஞ்சு வச்சிருக்கீக?"

"மொபெட்டுக்கு வைக்கிறோம். இம்புட்டுப் பெரிய என்ஜினச் சும்மா விட்டா நல்லாவா இருக்கும்?"

ஹசீனா ஒரு சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் முகத்தைப் பார்த்த வள்ளிக்கண்ணுவின் முகம் வாடியது. "அய்யய்யோ, ஒங்க மார்க்கத்துக்கு ஆகாதோ? அத நான் ரோசிக்கவே இல்லையே தாயி!"

"மார்க்கத்துக்கு என்னக்கா? காயிதத்துக்கு ஆகாதுக்கா! தொண்ணூறு வருசத்துக் காயிதம்! அதுல போயி ஈரச் சந்தனத்த அப்பியிருக்கீக!"

சத்தம் கேட்டு சுந்தரம் ஓடிவந்தார். பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். "கண்ணாடி போடலடி! கை வச்சப்பவாச்சும் தெரியலயா?"

"வைக்கிற அவசரத்துல கண்ணாடிய யாரு பாத்தா? எல்லாத்துக்குமா வச்சேன்? அந்தா, பாலத்துப் படத்துக்கு வைக்கல. வண்டி எறும்பு கணக்கா இருந்துச்சு, எங்குட்டு வைக்கன்னு தெரியல."

ஹசீனா எண்ணினாள். ஒன்பது. பினாங்கு மலை வண்டியைக் கண்டதும் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "இதுல என்ஜினே கெடையாதுக்கா! மேல இருந்து கம்பியக் கட்டி இழுக்குற வண்டி!"

"தெரியும். பஸ்ஸு மாதிரி இருந்துச்சு. அதுக்கு மட்டும் இல்லைன்னா பாவமில்லையா?"

"இருங்க, தொடச்சிருவோம்" என்று சுந்தரம் ஈரத்துணியை எடுத்தார்.

"தொடாதீக!" ஹசீனா போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்றார்கள். பொரியை வாங்காமல், பன்னிரண்டு சட்டங்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள்.

வீட்டில் விசிறிக்கு அடியில் உலரவைத்து, மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் தட்டினாள். சந்தனம் பொடியாக உதிர்ந்தது. குங்குமச் சிவப்பு உதிரவில்லை. அவளுடைய முதல் அட்டையில், அந்த நீலகிரி என்ஜினின் முகத்தில், நாலணா அகலத்துக்குச் சிவப்பு. தம்மாமிலிருந்து நாசர், "விடு புள்ள, அட்டைதானே" என்றான். போனை வைத்துவிட்டாள். ஃபர்சானா அன்று உச்சுக்கொட்டவில்லை. டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் சண்முகப்ரியா வந்து பார்த்து நெற்றியைத் தேய்த்தாள். "பயப்படாதீங்கக்கா. ஸ்கேன் பண்ணி, சிவப்பை கம்ப்யூட்டர்ல அழிச்சு, பெருசா பிரிண்ட் போட்டு மாட்டிரலாம். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே மேடம்! போன்ல வர்ற ஆயிரம் படத்தோட அதுவும் ஒண்ணு. அதுக்கு எதுக்கு எம் பேரு?"

"அப்ப இந்த ஒன்பதை விட்டுருவோமா?"

ஒன்பதை விட்டால் மிச்சம் மூன்று. மூன்றிலும் ரயில் சரியாகத் தெரியாது. ஒரு பாலம், ஒரு குகை, ஒரு காலி ஸ்டேஷன். மிச்ச ஆல்பத்திலிருந்து எடுக்கலாமென்றால், பல்லிருக்கும் தண்டவாளம் தெளிவாகத் தெரியும் அட்டை அவளிடம் அந்த நீலகிரி ஒன்றுதான். தபால் முத்திரை, காப்பிக் கறை, கரையான் கடித்த மூலை, இதையெல்லாம் முப்பது வருஷமாகப் பொறுத்துக்கொண்டவள், இதுவும் ஒரு முத்திரைதான் என்று தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். தேறவில்லை. இருந்தாலும் சொன்னாள்: "உள்ளது உள்ளபடி மாட்டுங்க. கீழ நானே எழுதுறேன்."

சுந்தரம் விஜயதசமியன்று முதல் வேலையாகக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை கல்லூரிக் கூடம் நிறைந்திருந்தது. பட்டுப்புடவையில் வந்த வள்ளிக்கண்ணு நேராக நீலகிரி அட்டையிடம் போய், கீழே இருந்த சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'குங்குமக் கறை: இவ்வாண்டு ஆயுதபூஜை, காரைக்குடி.'

"கறைன்னா எழுதியிருக்க?"

"வேற என்னன்னு எழுத?"

"சாமி பொட்டைக் கறைங்குறா! ஊரு பாக்காதா?"

"ஊரு பாக்கத்தானேக்கா எழுதியிருக்கேன்!"

மைக்கைப் பிடித்தபடி சண்முகப்ரியா காத்து நின்றாள். கல்லூரி முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வள்ளிக்கண்ணுவின் கண்ணில் நீர் முட்டி நின்றது. அதைப் பார்த்ததும் ஹசீனாவின் எரிச்சல் இரட்டிப்பானது. அழ வேண்டியவள் இவளல்லவா! வெடுக்கென்று சீட்டை உருவி, அந்த வரியை அடித்துவிட்டு எழுதினாள்: 'பொட்டு வைத்தவர்: வள்ளிக்கண்ணு.'

"இந்தாங்க. கேக்குறவுகளுக்கெல்லாம் நீங்களே பதில் சொல்லுங்க. என்னால முடியாது."

அதைத் தண்டனையாக அந்த மனுஷி எடுத்துக்கொண்டால்தானே! மத்தியானம்வரை அந்த அட்டைக்குப் பக்கத்திலிருந்து நகரவில்லை. வந்த பிள்ளைகளையெல்லாம் இழுத்துவைத்துச் சொன்னாள்: "பொட்டு நாந்தான் வச்சேன். பாவம், எம்புட்டு ஒசரம்! அம்புட்டுப் பெட்டியையும் முன்னால நின்னு மூச்சு முட்ட இழுக்குது பாருங்க."

கூடத்தின் மறுகோடியில் நிருபருக்கு டார்ஜிலிங் வளைவை விளக்கிக்கொண்டிருந்த ஹசீனா, பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"பின்னால நின்னு தள்ளும்க்கா! எத்தன தடவ சொல்றது, பின்னால நின்னு தள்ளும்!"