தீப்பெட்டிக்குள் என் கையெழுத்து

தீப்பெட்டி ஆலைக்குள் ஒரு துண்டுத் தாளைக்கூட எரிக்க முடியாது. கோவில்பட்டியில் அப்படிப்பட்ட ஆலை ஒன்றின் அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். வாசலில் காவலர் பீடியையும் நெருப்புப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார். தேநீர்கூட எதிர்க்கடையிலிருந்து தூக்குவாளியில்தான் வரும். ஊருக்கெல்லாம் நெருப்பு செய்து அனுப்புகிற இடத்தில் ஓர் அடுப்பு கிடையாது. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

நான் நாள் தவறாமல் டைரி எழுதுகிறவன். மழை தொடங்கிய நேரம், தூத்துக்குடி ரயில் தாமதமான நிமிடங்கள், வாசித்து முடித்த புத்தகம், எல்லாம் அதில் இருக்கும். ஆனாலும் இது நடந்த ஆண்டை மட்டும் இங்கே எழுதாமல் விடுகிறேன். எழுபதுகளின் பின்பாதி என்பது போதும். ஆண்டைச் சொன்னால் இதில் வரும் பள்ளிக்கூடத்துப் பெண் யாரென்று நாலு பேர் கண்டுபிடித்துவிடுவார்கள். மாதம் புரட்டாசி. கரிசல் வெடித்துக் கிடந்தது, விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வாசகர் மன்றம் சுற்றுவட்டார உயர்நிலைப் பள்ளிகளுக்கு வினாடி வினாப் போட்டி நடத்தத் தொடங்கி அது இரண்டாம் ஆண்டு. முதல் ஆண்டு முடிந்த மறுநாளே, தோற்ற பள்ளி ஒன்றின் ஆசிரியர், கேள்விகள் முன்கூட்டியே வெளியே போய்விட்டன என்று சொல்லிக்கொண்டு எங்கள் ஆலை முதலாளியின் வீட்டு வாசலில் போய் நின்றார். கோப்பை தருபவர் முதலாளி. கேள்விகளைத் தயாரிப்பவன் நான். அந்த ஆண்டு ஒன்றும் வெளியே போகவில்லை. ஆனால் பேச்சு மூன்று மாதம் ஊரில் சுற்றியது.

இரண்டாம் ஆண்டுக்கு அனுமதி கேட்கப் போனபோது முதலாளி செய்தித்தாளை மடித்து வைத்தார்.

“நடத்தும், வே. வேண்டாம்னு சொல்லல. ஆனா கேள்வி வெளிய போச்சுன்னு இன்னொருத்தன் என் வாசல்ல வந்து நின்னா, போட்டியும் கெடையாது, ஆபீஸ்ல நீரும் கெடையாது.”

“அப்படி நடக்காது அண்ணாச்சி.”

“போன வருசமும் இதைத்தான் சொன்னீரு.”

எனக்குக் கல்யாணமாகி அப்போது எட்டு மாதம். இந்த வேலை போனால் வேறு வேலை இல்லை.

ஆகவே ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்தேன். அறுபது கேள்விகள். கேள்வி என் கையில் மட்டும் இருக்கும். விடைகள் தனியாக ஒரே பக்கத்தில், தேதியாக இருந்தால் எதன் தேதி என்ற குறிப்போடு, மூன்று நடுவர்களுக்கு மூன்று பிரதிகள். அலுவலகத்தில் தமிழ்த் தட்டச்சு இல்லாததால் மெழுகுத்தாளில் இரும்பு எழுதுகோலால் நானே எழுதினேன். புதன்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், ஆலையின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் ஓட்டினேன்.

எட்டுத் தாள் வந்த பிறகுதான் ஒன்றை எடுத்துச் சரிபார்த்தேன். இருபத்து மூன்றாம் விடையில் கண் நின்றது. மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் சுடப்பட்ட நாள். 1911 ஜூன் 17. நான் எழுதியிருந்தது ஜூன் 11. ஆண்டில் இருந்த பதினொன்று கையை இழுத்திருக்க வேண்டும். அடுத்தவர்கள் தேதி தப்பாகச் சொன்னால் திருத்துகிறவன் நான். யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்துக்கொண்டேன். மெழுகுத்தாளில் பிழையை மூடும் சிவப்புத் திரவத்தைத் தடவி, ஊதிக் காயவைத்து, பதினேழு என்று எழுதி, மூன்று நல்ல பிரதிகள் எடுத்தேன். அவற்றை உறையில் போட்டுத் தலைமை நடுவரின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அரக்கு உருக்க நெருப்பு வேண்டுமே, அதனால் முத்திரை அவர் வீட்டில்தான் வைத்தோம். உறைகள் அவருடைய அலமாரிக்குள் போயின. மேடையில், எல்லோர் முன்னிலையிலும்தான் உடைப்பது என்று ஏற்பாடு.

மிஞ்சியது அந்த எட்டுத் தாள்கள். வேறெந்த அலுவலகமாக இருந்தாலும் கொல்லைப்புறத்தில் கொளுத்தியிருப்பேன். இங்கே முடியாது. சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப்போய் அடுப்பில் போடலாம் என்று, நடுவர் வீட்டுக்குக் கிளம்பும் முன், மேசைக்கு அடியிலிருந்த கூடையில் மற்றத் தாள்களுக்குக் கீழே தள்ளி வைத்தேன். குப்பைக்கு அடியில் யார் தேடப்போகிறார்கள்? அன்று நடுவர் வீட்டிலிருந்து நேரே வீட்டுக்குப் போய்விட்டேன். வியாழக்கிழமை சரக்கு அனுப்பும் கடிதங்களில் பொழுது போனது. கூடையை நான் நினைக்கவே இல்லை.

அப்போது குச்சி அடுக்கும் உள்பெட்டிக்கு ஒட்டும் நீலத்தாளுக்குத் தட்டுப்பாடு. எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. அலுவலகக் கூடைகளில் சேரும் தாள்களைக் காலையில் நறுக்குகிற கொட்டகைக்குக் கொண்டுபோய், நீளத் துண்டுகளாக வெட்டி, மரச்சீவல் கட்டுகளோடு சேர்த்துக் கிராமங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே வீட்டுப் பெண்கள் பெட்டி ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். எந்தத் தாளையும் வீணாக்கக் கூடாது என்ற அந்தச் சுற்றறிக்கையை எழுதிச் சுவரில் ஒட்டியவன் நானேதான்.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு, பெட்டிகளைச் சரிபார்க்கும் பிரிவிலிருந்த அக்கா ஓர் உள்பெட்டியை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குள் வந்தார்.

“அண்ணாச்சி, ஒங்க எழுத்து பெட்டிக்குள்ள கெடக்கு பாருங்க.”

வாங்கிப் பார்த்தேன். குச்சிகள் படுக்க வேண்டிய இடத்தில், மங்கலாக, என்னுடைய உருண்டை எழுத்தில், “41. நைட்ரஜன்” என்று இருந்தது.

“எந்த ஊர்க் கட்டு இது?”

“நாகலாபுரத்துக் கட்டு. ஏன் இப்படி வேர்க்குது ஒங்களுக்கு? பெட்டியோட ஒங்க எழுத்தும் வடக்க வரைக்கும் போவப்போவுது, கௌரவந்தான?”

“இது மாதிரி எத்தனை இருந்துச்சு?”

“நான் என்ன உக்காந்து வாசிக்கவா செய்யுதேன்? கோணலா இருக்கா, நேரா இருக்கா, அம்புட்டுதான் பாப்பேன்.”

மறுநாள் போட்டிக்கு வரும் ஆறு பள்ளிகளில் நாகலாபுரமும் ஒன்று.

ஆலை மணி அடிக்கும் வரை அந்தக் கட்டைப் பிரித்துப் பெட்டி பெட்டியாகப் பார்த்தேன். சில துண்டுகள் கிடைத்தன, பாதி வரியும் கால் வரியுமாக. எட்டுத் தாளில் ஒரு தாள்கூடத் தேறாது. மற்றவை எங்கே? யார் வீட்டில், யார் கையில்?

சைக்கிளை எடுத்துக்கொண்டு தலைமை நடுவர் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது, கேள்விகளை மாற்றிவிடுவது என்று வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனேன். முத்திரையை உடைத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் காலைக்குள் முதலாளிக்குத் தெரியும். நடுவர் கதவைத் திறந்தார்.

“என்ன வே, மூஞ்சி வெளுத்திருக்கு? காய்ச்சலா?”

“இல்ல சார். நாளைக்கு மைக் எட்டு மணிக்கே வந்துரும். அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“இதுக்கா இவ்வளவு தூரம் மிதிச்சு வந்தீரு?” என்று சிரித்தார்.

சனிக்கிழமை காலை, அணிகளின் பெயர்களைக் கரும்பலகையில் நானே எழுதினேன். கயத்தாற்றுப் பையன்கள் லாரியில் ஏறி வந்து புழுதியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நாகலாபுரத்திலிருந்து இரண்டு பெண்கள். அதில் உயரமான பெண்ணின் விரல் நுனிகளில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அது பசை. ஆலையில் இருக்கிறவனுக்கு அது தெரியாமல் இருக்காது.

சீட்டுக் குலுக்கியதில் அவர்களுக்கு ஐந்தாவது மேசை. ஆறு அணிக்கும் வரிசையாகக் கேள்வி. என் மனம் தானாக எண்ணியது. ஐந்து, பதினொன்று, பதினேழு, இருபத்து மூன்று. அந்தத் தப்பான பதினொன்று எங்கே கிடக்கிறதோ என்று முந்தின நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வி சரியாக அவர்கள் மேசைக்கே போகிறது. அவள் பதினேழு என்று சொன்னால் நல்லது. தெரியாது என்றாலும் நல்லது. ஜூன் பதினொன்று என்று மட்டும் சொல்லிவிட்டால், என் கெட்டுப்போன தாள் அவள் கண்ணில் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

உறைகள் உடைக்கப்பட்டன. முன்வரிசையில் முதலாளி, மடியில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். நான் கேள்விகளை வாசித்தேன். ஐந்தாவது கேள்விக்கு உயரமான பெண் நான் முடிக்கும் முன்பே விடை சொன்னாள். பதினொன்றும் சரி. பதினேழும் சரி. மற்றவர்கள் கை தட்டத் தட்ட நான் இருபத்து மூன்றுக்கு இன்னும் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பிள்ளை நன்றாகப் படித்திருக்கிறாள் என்று அந்தக் கூட்டத்தில் நினைக்க முடியாமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

கயத்தாற்றுப் பையன் ஒருவன் அடுத்த மேசையிலிருந்து மெதுவாகச் சொன்னான். “ஏட்டி, புஸ்தகத்த முழுங்கிட்டு வந்துட்டியா?”

“நீ லாரில வாரப்ப வழியில கொட்டிட்டியோ?” என்றாள் அவள். நடுவர்கூடச் சிரித்துவிட்டார்.

இருபத்து மூன்று வந்தது. வாசித்தேன். மைக்கில் என் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. பக்கத்துப் பெண் அவள் காதில் ஏதோ சொன்னாள். இவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணு, ஜூன் பதினொண்ணு.”

“தப்பு. ஜூன் பதினேழு” என்றார் தலைமை நடுவர்.

அவள் உட்காரவில்லை. “இல்ல சார். பதினொண்ணுதான். எழுதியிருந்ததப் பாத்தேன்.”

“எங்கன பாத்தே?” என்றார் நடுவர்.

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு அடுத்த கேள்வியின் எழுத்துகள் தெரியவில்லை. அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போது அவள் பார்வை எனக்குப் பின்னாலிருந்த கரும்பலகைக்குப் போனது. அங்கே என் உருண்டை எழுத்தில் ஆறு ஊர்ப் பெயர்கள். அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடியும் பலகையைப் பார்த்தாள்.

“ஞாபகம் இல்ல சார்” என்று சொல்லி உட்கார்ந்தாள்.

“ஞாபகம் இல்லாததுக்கா இவ்வளவு அடம்?” என்றார் நடுவர். கூட்டம் சிரித்தது. நான் இருபத்து நான்காம் கேள்வியை வாசித்தேன்.

ஒரே ஒரு கேள்வி வித்தியாசத்தில் கோப்பை கயத்தாற்றுக்குப் போனது. முதலாளி என் தோளில் தட்டினார். “இந்த வருசம் ஒரு பேச்சு வரல பாத்தீரா? சுத்தமா நடத்திட்டீரு, வே.”

நான் கும்பிட்டேன். வேறென்ன செய்ய?

மைக்செட்காரரை அனுப்பிவிட்டுப் பேருந்து நிலையம் வழியாக வந்தபோது அந்த இரண்டு பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களோடு வந்த ஆசிரியர் பஸ்ஸில் இடம் பிடிக்க ஏறியிருந்தார். உயரமானவள் என்னிடம் வந்தாள்.

“சார், போர்டுல எழுதுனது நீங்கதான?”

“ஆமா.”

ஜாமெட்ரி பெட்டியைத் திறந்து ஒரு தாள் துண்டை எடுத்தாள். “எங்க அம்மாவுக்கு ஒட்ட வந்த தாள்ல இது கெடந்துச்சு. நான் எல்லாத்தையும் வாசிச்சுட்டுத்தான் ஒட்டக் குடுப்பேன்.”

துண்டில் ஒரே வரி. மணியாச்சி, கலெக்டர் சுடப்பட்டது, 11.6.1911. எண் இருந்த ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. அது போட்டிக்கான விடை என்று அதைப் பார்க்கிற யாருக்கும் தெரிந்திருக்காது.

“வேற துண்டு எதுவும் பாத்தியா?” இதைத்தான் நான் முதலில் கேட்டேன்.

“பாதிப் பாதியா ஒண்ணு ரெண்டு. ஒண்ணும் வெளங்கல. இது மட்டுந்தான் முழுசா இருந்துச்சு.” பிறகு பக்கத்துப் பெண்ணைக் காட்டினாள். “இவ பதினேழுன்னுதான் காதுல சொன்னா. எங்க மாமா மணியாச்சி ஸ்டேசன்ல வேல பாக்காவ, அவியளும் பதினேழுன்னுதான் சொல்லியிருக்காவ. நாந்தான் கேக்கல. இவ்வளவு அழகா எழுதுதவிய தேதியத் தப்பா எழுத மாட்டாவன்னு நெனச்சேன். எது சார் சரி?”

“பதினேழுதான் சரி. என் கை தப்பு.”

அவள் துண்டை மறுபடி ஒருமுறை பார்த்தாள். கோபம் வருமென்று எதிர்பார்த்தேன்.

“அங்கன கேட்டப்ப ஏன் சொல்லல?” என்றேன்.

“நீங்க பயந்து போய் நின்னீய சார்.”

உள்ளேயிருந்து ஆசிரியர் கூப்பிட்டார். துண்டை என் கையில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டாள். பஸ் உறுமிக்கொண்டு நின்றது, கிளம்பவில்லை. அந்த ஆசிரியர் இறங்கி வந்து இதைப் பார்த்தால்? முதலாளியின் கார் இந்த வழியாகத்தானே போகும்? ஆலைக்கு வெளியே என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி இருக்கும். யோசிப்பதற்குள் கை குச்சியை உரசிவிட்டது. தாள் சுருண்டு கருகியது. காலால் மிதித்துவிட்டு நிமிர்ந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைய டைரியில் ஆறு பள்ளிகளின் மதிப்பெண்களும், மைக் வந்த நேரமும், கூட்டம் கலைந்த நேரமும் இருக்கின்றன. இது இல்லை.

மூன்றாம் ஆண்டும் போட்டி நடந்தது. மன்றத்தில் வேறொருவர் எழுதி அழைப்பு அனுப்பிய ஆறு பள்ளிகளில் ஐந்திலிருந்து பதில் வந்தது. நாகலாபுரத்திலிருந்து வரவில்லை. ஏன் என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம். உறையின் மேல் என் கையெழுத்து இருக்குமே என்று எழுதாமல் விட்டேன்.