தவக்காலத்தில் போட்ட கறுப்பு வெள்ளைப் படம்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிறவள் நான். இங்கிலீஷ் டீச்சர் வேறு, வாயாடி. நீங்கள் சிரித்தாலும் சரி, இது நடந்தது.

தவக்காலத்தில் எங்கள் கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்குப் படம் போடுவார்கள். அந்த ஞாயிறு பூசை முடிந்து போட்டது ஒரு பழைய பிரிட்டிஷ் படம். முதலாளியைக் கொன்றதாக ஒரு அப்பாவியைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், கோர்ட்டு, அழுகை, அந்த மாதிரி. வந்தவர்களில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் ஓடாது, அதனால் சத்தத்தைக் குறைத்துவிட்டு நான் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு தமிழில் கதை சொல்வேன். வீட்டிலேயே முழுதாகப் பார்த்துத் தயாராகித்தான் போனேன். கடைசியில் உண்மையான கொலைகாரன் கோர்ட்டிலேயே கதறி ஒப்புக்கொள்வான், அப்பாவிக்கு விடுதலை.

மறுநாள் திங்கட்கிழமை என் தம்பி தாஸுக்குத் தீர்ப்பு. புக்கிட் தெங்காவில் லாரி ஓட்டியவன். எவனோ ஏற்றிய பெட்டியில் போதைப்பொருள் இருந்தது, பிடிபட்டது இவன். சட்டத்தில் அதற்கு என்ன தண்டனை என்று உங்களுக்கே தெரியும். கேஸ் தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் உச்சரிப்பதில்லை. தூக்குச்சட்டி என்றுகூடச் சொல்லக் கூடாது, மலாய்க்காரர் மாதிரி 'டிங்காட்' என்று சொல் என்பார் அம்மா. சொன்ன சொல் பலித்துவிடுமாம். படித்த நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

படத்தில் தீர்ப்புக் கட்டம் வந்தது. கொலைகாரன் கதறவேயில்லை, பேசாமல் உட்கார்ந்திருந்தான். ஜூரித் தலைவர் எழுந்து ஒரே வார்த்தை சொன்னார், நீதிபதி தன் தலையில் ஒரு கறுப்புத் துணியை எடுத்து வைத்துக்கொண்டார். நான் வீட்டில் பார்த்த படத்தில் சத்தியமாக அது இல்லை. அந்தக் காலத்து வெள்ளைக்கார நீதிபதிகள் எந்தத் தண்டனையைச் சொல்லும்போது அந்தத் துணியை வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

முன்வரிசையில் ஸ்டெல்லா அக்கா பொறுமையிழந்துவிட்டார். "என்னா டீச்சர், ஜட்ஜு என்னா சொல்றாரு? சொல்லுங்கலா!"

ஆண்டவரே, எப்படிச் சொல்வேன்? "விடுதலைன்னு சொல்லிட்டாரு" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். திரையில் அவனை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப் போனார்கள், மேலேயிருந்து கயிறு தொங்கியது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அம்மா ஓடி வந்து கட்டிப்புடிச்சிக்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

விளக்குப் போட்டதும் ஸ்டெல்லா அக்கா கண்ணைத் துடைத்தபடி வந்தார். "அந்தம்மா புள்ளையக் கட்டிப்புடிச்சப்போ எனக்கும் அழுகை வந்துருச்சு டீச்சர்."

"நீங்க பாத்தீங்களாக்கா?"

"ஏன், எனக்கென்னா கண்ணு தெரியாதா?"



மறுநாள் தாஸை விடுதலை செய்தார்கள். அம்மா கோர்ட்டு வாசலிலேயே முழங்கால் போட்டு அழுதார். நானும்தான். வீட்டுக்குப் போகும்போது, கடல் பாலத்தைத் தாண்டின பிறகுதான் காரில் அவன் வாயைத் திறந்தான்.

"அக்கா, ஜட்ஜு பேசுனப்போ எனக்கு உங்க குரல்தான் கேட்டுச்சு. தமிழ்ல. விடுதலைன்னு."

"பயத்துல அப்படித்தான்டா தோணும்."

"இல்லக்கா. அவரு உதடு வேற என்னமோ சொல்லிச்சி. உங்க குரல் அது மேல வந்து விழுந்துச்சு."

"உதடு என்ன சொல்லிச்சி, புரிஞ்சுதா?"

"புரிஞ்சிச்சு" என்றான். அவ்வளவுதான், இன்றுவரை அதைச் சொன்னதில்லை. நானும் கேட்பதில்லை. ஆனால் வாசலில் யாராவது அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால், தபால்காரராக இருந்தாலும் சரி, அந்த உதடு சொன்ன தீர்ப்பு ஆள் அனுப்பியிருக்குமோ என்று நான்தான் முதலில் போய்க் கதவைத் திறக்கிறேன். அவனும் எழுந்திருப்பதில்லை.