விழுந்த பிறகும் ஒரு அடி

ஜமீலா போய்விட்டதாக அவள் அண்ணன் தொலைபேசியில் சொன்னபோது, என் மேசைமேல் ஒரு சாம்பிள் பனியன் கிடந்தது. கழுத்தை அளந்துகொண்டிருந்தேன். அளந்து முடித்துவிட்டுத்தான் அழுதேன். பாதியில் விட்டிருந்தால் அவளே திட்டியிருப்பாள்.

எங்கள் பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த அவளை எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஜமீலாவைத் தெரிந்தவர்கள் குறைவு. சரக்கைச் சோதிக்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் விட்டுப்போன ஒரு கதை விளையாட்டின் விதிப் புத்தகம் அவளிடம் இருந்தது. ஆளுக்கொரு வீரனாகிக் கதையை வளர்க்க வேண்டும். சண்டை வந்தால் பகடை. மண்ணரைப் பகுதியில் நண்பன் சண்முகத்தின் பனியன் கம்பெனியில், துணி வெட்டும் கட்டிங் டேபிளில் சாக்பீஸால் கோட்டையும் வாயிலும் வரைவோம். பட்டன்கள்தான் வீரர்கள். கதையை நடத்துவதும் தீர்ப்புச் சொல்வதும் ஜமீலா.

ஒருநாள் சண்முகத்தின் படை என் வாயிற்காவலனை வீழ்த்தியது. பட்டனைக் கவிழ்த்து வைத்தோம். விழுந்தவன் அடிக்கக் கூடாது என்பது பொது விதி. வாயிற்காவலன் விழுந்த பிறகும் ஒருமுறை அடிக்கலாம் என்பது அவனுக்கென்றே எழுதிய விதி.

“உழுந்தவன் உழுந்தவன்தானுங்க,” என்றான் சண்முகம்.

“ஏனுங்க, எல்லா அளவும் ஒரு சென்டிமீட்டர் முன்னப்பின்ன இருக்கலாம்னு ஆர்டர்ல இருக்கும். கழுத்து மட்டும் மாறக் கூடாதுன்னு தனியாப் போட்டிருப்பாங்க. நீங்க கழுத்தையும் சேத்து இழுத்து உட்ருவீங்களா?” என்றாள் ஜமீலா.

அவன் கம்பெனியில் அப்படி இழுத்துவிட்டதால் திரும்பி வந்த சரக்கு அடுத்த அறையிலேயே அடுக்கியிருந்தது. சண்முகம் பகடையை என் பக்கம் தள்ளினான்.

நான் குஷியில் பட்டனை நிமிர்த்தப் போனேன். ஜமீலா கையைப் பிடித்தாள். “ஒரு அடின்னுதான் இருக்குது கண்ணு, எந்திரிக்கலாம்னு இல்ல. தனி விதி சொன்ன அளவுக்குத்தான் செல்லும். மிச்சத்துக்குப் பொது விதிதான்.”

பிறகு ஜமீலாவுக்கு நோய் வந்தது. இந்த நோயில் யாரும் தேறியதில்லை என்று உறவினர் ஒருவர் அவள் எதிரிலேயே சொன்னார். “அது பொது விதிங்க,” என்றாள். அதற்குப் பிறகும் பல ஞாயிறுகள் வந்தாள். மருத்துவமனையில் சேரும் முன் சண்முகத்திடம் என்னைக் காட்டி, “நான் வராத அன்னிக்கு இவ நடத்தட்டும்,” என்றாள்.

போன ஞாயிறு சண்முகம் புத்தகத்தை மூடி எடுத்துவைக்கப் பார்த்தான். நடத்துபவர் இல்லாவிட்டால் ஆட்டம் முடிந்தது என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஜமீலா எனக்கென்று சொன்னதை நினைவுபடுத்தினேன்.

“அது ஆஸ்பத்திரிக்குப் போறப்பச் சொன்னதுங்க,” என்றான், என்னைப் பார்க்காமல்.

“வராத அன்னிக்குன்னுதான் சொன்னா. ஏன் வரலைன்னு கேக்கச் சொல்லல.”

அவள் எழுந்து வரமாட்டாள். அவளுடைய தீர்ப்பே அதுதான். அதை நான் மீறவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பின் மறுபாதியை, விழுந்த பிறகும் உள்ள அந்த ஒரு அடியை, யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். வாயிலை வரைந்து, பட்டனைக் கவிழ்த்தே வைத்து, பகடையைக் கையில் எடுத்தேன்.