பட்டாசுப் பெட்டியில் சிரித்த யோகலட்சுமி அக்கா

இன்று யாரைப் பார்த்தேன் தெரியுமா மக்களே! இந்தத் தீபாவளிக்கு நம் வீடுகளுக்கு வந்த பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் அட்டையில் சிரிப்பாரே, அந்த அக்காவை! சூலக்கரை கலெக்டர் ஆபீஸ் பஸ் ஸ்டாப்பில்! பெயர் யோகலட்சுமி, ஊர் மல்லாங்கிணறு. பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அவர் தன்னையே கிண்டலடித்துக்கொண்டு சொன்ன கதை இது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

யோகலட்சுமியின் கணவர் மணிமுத்து இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அரசாங்கம் தரும் விதவை உதவித்தொகை மாதம் ஆயிரத்து இருநூறு ரூபாய். தீபாவளிக்கு முன்னால் இரண்டு மாதம் மட்டும் அச்சங்குளத்துக் கம்பெனி ஒன்றில் பட்டாசுகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை. காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். சீசன் முடிந்துவிட்டால் அந்த வேன் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்காது.

இந்த சீசன் ஆரம்பத்தில் பெட்டி மேல் போட ஒரு படம் தேவைப்பட்டது. புருஷனும் பொண்டாட்டியும் கம்பி மத்தாப்புப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கம்ப்யூட்டர் வரைந்து கொடுத்த முகம் முதலாளிக்குப் பிடிக்கவில்லை. சூப்பர்வைசர் முனியராஜ் பேக்கிங் ஷெட்டுக்குள் வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"யக்கா, நீங்க வாங்க. உங்களுக்குத்தேன் பல்லு வரிசையா இருக்கு."

"பல்லுக்கு எம்புட்டுத் தருவீக?"

"முந்நூறு. மத்தியானம் பிரியாணி."

"பிரியாணியா? அப்பக் கடவாய்ப் பல்லு வரைக்கும் காட்டுறேன்."

முதலாளி வீட்டிலிருந்து பட்டுச்சேலை, கவரிங் செயின், ஒரு முழம் மல்லிகை எல்லாம் வந்தன. ஜாக்கெட் தொளதொள என்று இருந்ததால் முதுகில் நாலு கிளிப் போட்டு இறுக்கினார்கள். புருஷனாக நின்றவர் லோடு ஏற்றும் பெத்தணன். படம் இடுப்பு வரைக்கும்தான் என்பதால் மேலே பட்டுச் சட்டை, கீழே லோடு ஏற்றும்போது கட்டிய அதே அழுக்கு லுங்கி. கம்பெனிக்குள் நெருப்புக்கு இடமே கிடையாது. எரியாத மத்தாப்பைக் கையில் கொடுத்து, "எரியுதுன்னு நெனச்சுச் சிரிங்க" என்றார் போட்டோக்காரர்.

யோகலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு தடவை எடுத்தும் நாலிலும் பல்வலிக்காரி மாதிரியே இருந்தார். ஐந்தாவது தடவை தற்செயலாகக் கீழே பார்த்தார். பெத்தணனின் லுங்கி கண்ணில் பட்டது. வெடித்துச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் அச்சானது.

அதோடு விட்டிருக்கலாம். பெட்டி வந்ததும் தன் கைக்காசில் ஒன்று வாங்கி, மல்லாங்கிணறு முழுக்கக் காட்டினார். ரேஷன் கடை வரிசையில் காட்டினார். தண்ணீர்க் குழாயடியில் காட்டினார்.

"சாமி பொறப்பாடு மாதிரி என்னைய நானே தூக்கிக்கிட்டு அலைஞ்சேன் தம்பி. கொட்டு ஒண்ணுதேன் இல்ல!"

தீபாவளி முடிந்த பதினைந்தாம் நாள் நோட்டீஸ் வந்தது. யோகலட்சுமி மறுமணம் செய்துகொண்டு விதவை உதவித்தொகை வாங்குகிறார் என்று, அந்தப் பெட்டிப் படத்தையே சாட்சியாகச் சொல்லி யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறார்கள். விளக்கம் தராவிட்டால் தொகை நிறுத்தப்படும். சீசனும் முடிந்துவிட்டது. அடுத்த வேன் வரும்வரை அடுப்பு எரிவது அந்த ஆயிரத்து இருநூறில்தான். அலமாரியில் வைத்திருந்த பெட்டியை முகம் தெரியாமல் திருப்பி வைத்தார்.

"நாஞ் சிரிக்கிறதப் பாத்தா எனக்கே பத்திக்கிட்டு வந்துச்சு."

மறுநாள் பெத்தணன் வீட்டுக்கே போனார். விஷயத்தைக் கேட்டதும் பெத்தணனின் மனைவி தங்கத்தாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இந்த மனுசன் உங்க கூட மட்டுமா நின்னாரு? சின்னப் பெட்டியப் பாக்கலையாக்கும்?"

உள்ளே போய் ஒரு சின்ன அட்டைப்பெட்டியையும் ரேஷன் கார்டு நகலையும் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

அதையெல்லாம் அலமாரியில் இருந்த பெரிய பெட்டியோடு கட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் யோகலட்சுமி இன்று சூலக்கரைக்கு வந்திருந்தார். அதிகாரி அம்மா பெரிய பெட்டியை மேசைமேல் வைத்துக் கேட்டார்.

"இது நீங்கதானே?"

"நாந்தேம்மா."

"பக்கத்துல?"

"லோடுமேன் பெத்தணன்."

"தோள்ல கை போட்டிருக்காரே?"

"அந்தக் கையும் முந்நூறு ரூவாயிலயே சேத்திம்மா."

அதிகாரி சிரிக்கவில்லை. யோகலட்சுமி சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். அதிலும் பெத்தணன்தான், அதே பட்டுச் சட்டை. ஆனால் பக்கத்தில் நிற்பது பேக்கிங் ஷெட் முருகம்மாள். பிறகு ரேஷன் கார்டு நகலை வைத்தார். அதில் மனைவி தங்கத்தாய்.

"ஏம்மா, இவரு எத்தனை பேரத்தான் கட்டியிருக்காரு?"

"நெசத்துக்கு ஒண்ணு, அட்டைக்கு ரெண்டு."

அறையே சிரித்தது. சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அதிகாரி கேட்டார்:

"அப்போ கம்பெனி வேலைக்கும் போறீங்க?"

 வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று யோகலட்சுமி நினைத்தாராம்.

"ரெண்டு மாசந்தேம்மா. மழை பெஞ்சா அதுவுங் கெடையாது."

"மிச்சப் பத்து மாசம்?"

மேசைமேல் கிடந்த நோட்டீஸை யோகலட்சுமி விரலால் தொட்டுக் காட்டினார்.

"நிறுத்தப் போறதா இதுல எழுதியிருக்கீகல்ல, அந்தப் பணந்தேம்மா."

அதிகாரி ஃபைலைத் திறந்து பேனாவை எடுத்தார். பிறகு, 'வேலை தற்காலிகம். மறுமணம் இல்லை. உதவித்தொகை தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆதாரம் என்று இரண்டு பெட்டிகளின் மேலட்டையையும் கிழித்து ஃபைலில் கட்டிவிட்டார்.

"பெரிய அட்டைய மட்டுங் குடுத்துருங்கம்மா" என்று கேட்டும் பார்த்தாராம். கிடைக்கவில்லை.

பஸ் தூரத்தில் தெரிந்தபோது சொன்னார்: "லட்சம் வீட்டுல இளிச்சுக்கிட்டுக் கெடக்கேன். எங்க வீட்டுல ஒண்ணு இல்ல. ஒம்பது வருசங் கழிச்சுப் பூ வச்சது அந்த அரைமணி நேரந்தேன் தம்பி. வெக்கங்கெட்ட ஆசைதேன், என்ன பண்ண?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மக்களே, உங்கள் வீட்டுப் பரணில் அந்தப் பெரிய பெட்டி கிடந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கிடைக்கும்வரை இதைப் பகிருங்கள். கிடைத்தால் நேரிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். மல்லாங்கிணற்றில் இறங்கிப் பட்டாசுப் பெட்டி யோகலட்சுமி வீடு எது என்று கேட்டால் போதும். ஊரில் தெரியாத ஆளே இல்லை. அதற்கான வேலையைத்தான் அக்கா ஏற்கெனவே பார்த்துவிட்டாரே!