வெயிட் பண்ணச் சொன்ன விஜயலட்சுமி

கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகம். எது என்று தெரிந்து நீங்கள் ஒன்றும் செய்யப்போவதில்லை. அங்கே சான்றிதழ் பிரிவில் பத்தொன்பது வருடங்களாக உட்கார்ந்திருக்கிறாள் விஜயலட்சுமி. அவள் வாயில் அதிகம் புழங்கிய சொல், 'வெயிட் பண்ணுங்க.' நம் ஊரில் 'இருங்க' என்று சொன்னால் சொன்னவருக்கும் கொஞ்சம் பொறுப்பு வந்துவிடும். திரும்பி வந்து பதில் சொல்லியாக வேண்டும். வெயிட் பண்ணச் சொல்லிவிட்டாலோ பொறுப்பு முழுக்கக் கேட்டவர் தலையில். எத்தனை நேரம் என்று எதிர்க்கேள்வி கிடையாது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அப்படியொரு மரியாதை.

முனியன் கல்வராயன் மலையிலிருந்து மகளின் சாதிச் சான்றிதழுக்காக வந்தார். தனுஷாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. சான்றிதழ் இல்லாமல் சேர முடியாது. ஐந்து தடவை வந்தார். ஆறாம் தடவை, சுவரில் தலை சாய்த்து பெஞ்சில் தூங்கியவரைத் தாண்டிச் சாப்பிடப் போகையில், "வெயிட் பண்ணுங்க, வந்துடறேன்" என்றாள் விஜயலட்சுமி. தயிர்சாதம் முடித்து வந்தபோது பெஞ்சைச் சுற்றிக் கூட்டம். உயிர் போய் ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார் டாக்டர்.

ஆக, அவள் சொன்னது செத்தவரிடம். உயிரோடு இருப்பவர்கள் சலித்துப்போய் டீ குடிக்கவாவது எழுந்து போவார்கள். முனியன் போகவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு அதே பெஞ்சில் அப்படியே சாய்ந்திருந்தார். விஜயலட்சுமியைத் தவிர வேறு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ஆனாலும் நிற்க இடமில்லாத நாளில்கூட அந்த ஓரத்தில் யாரும் உட்காரவில்லை. அவள் கணவர் இளவரசன் கயிறு மந்திரித்து அவள் கையில் கட்டினார். இவள் பெஞ்சை வராந்தாவுக்கு மாற்றினாள். பெஞ்சோடு அவரும் மாறினார். மனுஷன் எழுந்து போனால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

இருபதாம் நாள் முனியனின் மனைவி பெரியம்மாள் வந்தார். கல்லூரியில் சேர மறுநாள்தான் கடைசி. விஜயலட்சுமி அவரை உட்காரக்கூட விடவில்லை. தானே ஃபைலைத் தூக்கிக்கொண்டு அதிகாரியிடம் ஓடி, அரை மணியில் சான்றிதழைக் கையில் கொடுத்தாள். அப்படியும் பெஞ்சில் இருந்தவர் அசையவில்லை.

பெரியம்மாள் தாளை மடித்துக்கொண்டே மெல்லக் கேட்டார். "எங்க வூட்டுக்காரரு கடசியா எதுனா சொன்னாராம்மா?"

"அவரு சொல்லலைங்க. நான்தான் சொன்னேன்." அன்று சொன்னதையும், இன்றுவரை அவர் இருப்பதையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

பெரியம்மாள் பெஞ்சைப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. "ஆபீஸ்ல சொன்னா மீற மாட்டாரு. குந்திக்கினுதான் இருப்பாரு. நீங்களே போவச் சொல்லிடுங்கம்மா."

விஜயலட்சுமி எழுந்து பெஞ்சின் முன்னால் போய்க் கைகூப்பினாள். ஆபீசே வேடிக்கை பார்த்தது. வயதில் மூத்தவரை, அதுவும் மனைவியின் எதிரில், மொட்டையாக 'போங்க' என்று எப்படிச் சொல்வது? சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பத் தெரிந்தவள்தான். அந்த நேரத்தில் வளர்ந்த பழக்கம் முந்திக்கொண்டது.

"வேலை முடிஞ்சிடுச்சிங்க. போய்ட்டு வாங்க."

முனியன் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டு, சரி என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார்.

பெரியம்மாளின் முகம் வெளுத்துவிட்டது.

"வாங்கன்னு ஏம்மா சொன்னீங்க?" என்றார்.