சகலை கொடுத்த பஞ்சு

நானும் என் சகலையும் ஒரே கடையில், ஒரே அளவில் மீன் தொட்டி வாங்கினோம். மனைவியின் அக்கா வீட்டுக்காரர் அவர். அவருக்கு அவனியாபுரத்தில் வீடு, எங்களுக்குப் பசுமலையில். பில்டரும் ஒன்றுதான். உள்ளே ஒரு பஞ்சு, அதன் கீழே பீங்கான் வளையங்கள், ஒரு சின்னப் பையில் கரி. ஆனாலும் அவர் வீட்டுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் அரிசி களைந்த தண்ணீர்.

என் மகள் அப்போது யுகேஜி. ஒருநாள் அங்கிருந்து திரும்பும்போது, பைக்கில் எனக்கு முன்னால் உட்கார்ந்தபடி சொன்னாள்: "அப்பா, பெரியப்பா வீட்ல மீனோட கண்ணு கூடத் தெரியுது. நம்ம வீட்ல மீனே தெரியல."

பின்னால் மனைவி சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

அதற்கப்புறம் வாராவாரம் பில்டரைக் கழற்றிக் குழாயடியில் வைத்து, பஞ்சு வெள்ளையாகும்வரை அலசினேன். வளையங்களைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். அவர் இந்தப் பாடெல்லாம் படமாட்டார், எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையென்றால் மதியம்வரை தூங்குகிற ஆள்.

ஒருமுறை அவர் வீட்டில், அவர் பால் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, பில்டர் மூடியைத் தூக்கினேன். பஞ்சு காப்பித்தூள் நிறத்தில் வழவழவென்று இருந்தது. அப்படியொரு சந்தோஷம் எனக்கு. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "உங்க மாமா பில்டரப் பாத்தியா? அம்புட்டு அழுக்கு!" என்றேன்.

"அழுக்கா இருந்தா என்ன? தண்ணி நல்லாத்தான இருக்கு."

அந்தப் பதில்தான் என்னைக் கடைக்குத் துரத்தியது. இருப்பதிலேயே உசத்தியான வளையங்கள், புதுப் பஞ்சு, புதுக் கரி. பழையது அத்தனையையும் குப்பையில் போட்டுவிட்டு மொத்தமாக மாற்றினேன். சில நாளில் தண்ணீர் பால்போல் வெளுத்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஒன்று செத்தது. மகள் அழுதாள். மனைவி என்னிடம் கேட்காமலே அக்காவுக்குப் போன் போட்டாள்.

அன்று சாயங்காலமே சகலை வந்துவிட்டார். கையிலிருந்த கவரில் அவர் தொட்டித் தண்ணீரும், அந்தப் பழுப்புப் பஞ்சில் பாதியும்.

"சகல, குழாத் தண்ணிலயா கழுவுனீங்க?"

"ஆமா."

"அதுல குளோரின் இருக்கும்ல. அழுக்கத் திங்குற பாக்டீரியா பூரா பஞ்சுலயும் வளையத்துலயும்தான் இருக்கு, குளோரின் பட்டா செத்துரும். தொட்டித் தண்ணிய வாளில எடுத்து, அதுல லேசா ஒரு அமுக்கு. அம்புட்டுத்தான். எல்லாத்தையும் ஒண்ணா மட்டும் மாத்திராதீங்க."

குத்திக்காட்டும் தொனியே இல்லை. இருந்திருந்தால் நானும் கொஞ்சம் கோபப்பட்டிருக்கலாம். பஞ்சை அவரே பொருத்தினார். மகள் அவர் தோளில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தாள். நான் டார்ச் பிடித்தேன்.

தண்ணீர் தெளியச் சில வாரங்கள் ஆயின. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்க பெரியப்பா சரி பண்ணுனது" என்றுதான் மகள் சொன்னாள். ஒவ்வொரு முறையும் நான் சமையலறைக்குப் போய்விடுவேன்.

பொங்கலுக்கு உசிலம்பட்டியில் மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். சகலை தலைதூக்கி, "மாமா, இப்ப எங்க வீட்டுத் தொட்டிய விட சகல வீட்டுத் தொட்டிதான் நல்லாருக்கு" என்றார். மெய்யாகவே சந்தோஷப்பட்டுச் சொன்னார். என் மனைவி அவரைப் பிரியமாகப் பார்த்தாள். இவ்வளவு லேசாக ஒருத்தரைப் புகழ அந்த மனிதருக்கு எப்படி வருகிறது? அவர் வீட்டுத் தெளிந்த தண்ணீரைப் பார்த்துக்கூட நான் அவ்வளவு வெந்ததில்லை. பதிலுக்கு நல்லதாக ஒன்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. மச்சினன் குழம்புடன் வந்தான். இலையைக் காட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.