சிங்கராயர் வீட்டு டி டிரைவ்

ரங்கூனின் அலோன் துறைமுகக் கிடங்கில் காலமெல்லாம் மூட்டைக் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்றவர் சிங்கராயர். வீட்டில் எது கெட்டாலும் தானே கழற்றிப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கழற்றியது திரும்பச் சேர்ந்ததா என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

மகன் சிங்கப்பூருக்குப் போனபோது விட்டுப்போன கம்ப்யூட்டரும் அவர் ஆட்சிக்கு வந்தது. அந்த ஊரில் மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்: விண்டோஸை அணைக்கவே கூடாது, யூபிஎஸ் பேட்டரி தீர்வதற்குள் 'ஹைபர்னேட்' போட்டுத் தூங்கவைக்க வேண்டும். மின்சாரம் வந்ததும் எழுப்பினால் விட்ட இடத்திலேயே எல்லாம் திறந்து நிற்கும். மனைவி மக்தலேனாவுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார்.

அவளோ பெரிய வெள்ளிக்குக் கோயிலில் போடப்போகும் பாஸ்கா நாடகத்தை எழுதிக்கொண்டிருந்தாள். வசனம் தமிழ், எழுத்து பர்மியம். நடிக்கப்போகும் பிள்ளைகளுக்குத் தமிழ் பேசினால் புரியும், வாசிக்கத் தெரியாது. மழைக்காலத்தில் ஆரம்பித்தவள், மாதா மகனின் உடலை மடியில் வாங்கி அழும் கட்டத்தையும் முடித்துவிட்டாள். வரும் ஞாயிறு முதல் ஒத்திகை.

அந்த நேரம் பார்த்து வைரஸ் வந்தது. கம்ப்யூட்டர் ஆமையாக ஊர்ந்தது. கியாக்டடாவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜமால், "விண்டோஸ எடுத்துட்டு லினக்ஸ் போடுங்கண்ணே, வைரஸ் கிட்டயே வராது" என்று ஒரு சிடி கொடுத்தான். விடுவாரா மனிதர்?

"பயப்படாத மக்தா, விண்டோஸ் இருக்கிற சி டிரைவ மட்டுந்தான் அழிக்கிறேன். நம்ம சாமானெல்லாம் டி டிரைவுல பத்திரமா இருக்கு" என்றார். வழக்கம்போல விண்டோஸைத் தூங்கவைத்தார், சிடியைப் போட்டார். லினக்ஸ் ஜம்மென்று ஏறி உட்கார்ந்தது.

டி டிரைவ்தான் திறக்கவில்லை. விண்டோஸ் ஒழுங்காக அணைக்கப்படவில்லை, அதற்குள் போய் முறையாக அணைத்துவிட்டு வா என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டம் வந்து நின்றது. எந்த விண்டோஸுக்குள் போவது? அதைத்தான் அழித்தாயிற்றே! செத்தவனை எழுப்பி, ஒழுங்காகச் செத்துப்போ என்று சொல்கிற கதைதான். சிங்கராயருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுபடி மறுபடி அணைத்துப் போட்டார். ஒவ்வொரு தடவையும் அதே கட்டம். ஜெபமாலையைக் கையில் பிடித்தபடி மக்தலேனா பின்னால் நின்றாள். கடைசியில் கௌரவத்தை விட்டு ஜமாலையே வீட்டுக்குக் கூப்பிட்டார்.

ஜமால் வந்து ஒரு கட்டளையைத் தட்டினான். கேட்காத டி டிரைவை வலுக்கட்டாயமாகத் திறக்கும் கட்டளை அது. திறந்துகொண்டது. மகன் கல்யாணப் படங்கள், பாட்டுகள், எல்லாம் அப்படியே இருந்தன.

"சேசுவே, தப்பிச்சேன்டா!" என்று சிங்கராயர் நாற்காலியில் சாய்ந்தார்.

"அக்கா, நாடகத்த என்ன பேர்ல சேவ் பண்ணீங்க?" என்று ஜமால் கேட்டான்.

"சேவா? அது எதுக்கு தம்பி? அதுதான் எப்பவும் தொறந்தே இருந்துச்சே."

ஜமால் சிங்கராயரைப் பார்த்தான். சேவ் பண்ணாமல் திறந்தே கிடந்ததெல்லாம் அந்தத் தூக்கத்தோடு சி டிரைவில்தான் பதிந்திருந்தது. அதன் மேல்தான் இப்போது லினக்ஸ் உட்கார்ந்திருந்தது. "போனது போனதுதாண்ணே" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மக்தலேனா திட்டியிருந்தால் தேவலை. "அந்தப் பிள்ளைங்க கையில என்னத்தங்க குடுப்பேன்?" என்று மட்டும் கேட்டாள்.

பாவி மனிதர் ஒரு நோட்டை இழுத்துப் போட்டார். "நீ சொல்லு மக்தா, நான் எழுதுறேன்" என்று பேனாவை எடுத்தார்.

அவள் கண்ணை மூடி மாதாவின் புலம்பலைத் தொடங்கினாள். "என் மகனே, தச்சன் வீட்டு மரமெல்லாம் தொட்டிலாச்சே உனக்கு. ஊரான் வீட்டு மரம் வந்து..."

நிறுத்தினாள். முதலிலிருந்து சொல்லிப் பார்த்தாள். அதே இடத்தில் நின்றது. "வரலங்க... அடுத்தது வரமாட்டேங்குது" என்று உடைந்து அழுதாள்.

எடுத்துக்கொடுக்க அவர் வாயைத் திறந்தார். மழைக்காலம் தொட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் எழுதிய நாடகம். அதில் ஒரு வரியைக்கூட அவர் வாசித்ததில்லை.